மரண வாக்குமூலம் வாங்க வந்த அரசு, மனு கொடுத்தபோது எங்கே இருந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேற்பட்ட காலம் அவசர சிகிச்சைப் பிரிவிலும் தீக்காயப் பிரிவிலும் கழிந்தது. குடும்ப வன்முறை பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வரும் செய்திகளை வாசிக்கும்போதெல்லாம் மனத்தில் எழும் ஒரே ஒரு கேள்வியைத் தங்கள் வழியாக அரசின் முன் வைக்க விரும்புகிறேன். ஒரு பெண்ணோ, முதியவரோ, குழந்தையோ தன் வீட்டுக்குள்ளேயே தன் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று அரசின் ஓர் அலுவலகத்தில் வாய்விட்டுச் சொன்ன பிறகு, அந்த ஆபத்துக்கு யார் பொறுப்பு?

சுமார் பத்தாண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி இடது கையைத் துணியால் சுற்றிக்கொண்டு வந்தாள். "வழுக்கி வுழுந்துட்டேன் சிஸ்டர்" என்றாள். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்தவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். துணியைப் பிரித்தபோது மணிக்கட்டின் உட்புறத்தில் கண்ணாடி வளையல் சில்லுகள் நாலைந்து இடங்களில் வரிசையாக இறங்கியிருந்தன. வழுக்கி விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள், உள்ளங்கைதான் சிராய்க்கும். மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினால்தான் வளையல் அப்படி உடைந்து உள்ளே இறங்கும். இடுக்கியால் ஒவ்வொரு சில்லாக எடுத்துக்கொண்டிருந்தபோது, நான் எதுவும் கேட்காமலே அவள் சொல்லத் தொடங்கினாள். மருத்துவர் அதைக் கேட்டு, தெரிந்த நபரால் வீட்டில் தாக்கப்பட்டதாகக் கூறுகிறார் என்று விபத்துப் பதிவேட்டில் எழுதி, புறக்காவல் நிலையத்துக்குத் தகவலும் அனுப்பினார். அவளுடைய அண்ணன் மறுநாள் அவளைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்.

ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிக்க வந்தவள் தன் சுருக்குப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். எட்டாக மடித்து, ஓரத்தில் மஞ்சள் கறை படிந்திருந்த அந்தத் தாள், காவல் நிலையத்தில் கொடுத்த மனு ரசீது. அதில் ஓர் எண்ணும் தேதியும் கையெழுத்தும் இருந்தன. நிலையத்தில் அவளையும் கணவனையும் கூப்பிட்டுப் பேசி, அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு, சேர்ந்து வாழும்படி புத்தி சொல்லி அனுப்பியிருந்தார்கள். "இது கையில இருக்குதில்ல சிஸ்டர், இனிமே அவரு பயப்படுவாரு" என்று சொல்லிவிட்டு அந்தத் தாளைத் திரும்பவும் அதே மடிப்பில் மடித்து வைத்துக்கொண்டாள்.

ரசீது கொடுத்த பதினோராம் நாள் இரவு 108 ஆம்புலன்ஸ் அவளைத் தீக்காயங்களோடு கொண்டுவந்தது. அன்றிரவு நடந்தது இப்போதும் என் கண்முன்னே நிற்கிறது. மருத்துவமனையிலிருந்து தகவல் போன ஒரு மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் வந்துவிட்டார். அப்போது மணி ஒன்று நாற்பது. நினைவோடு பேசும் நிலையில் இருக்கிறாள் என்று மருத்துவரிடம் சான்று பெற்று, உறவினர்களையும் காவலர்களையும் வெளியே அனுப்பிவிட்டு, அவள் சொல்லச் சொல்ல ஒரு சொல் விடாமல் தன் கையாலேயே எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டி, பெருவிரல் ரேகையும் வாங்கினார். அவருடைய பொறுமையையும் அக்கறையையும் இன்றும் நான் மதிக்கிறேன். வெளியே ஆய்வாளர் நின்றிருந்தார். துணைக் கண்காணிப்பாளர் காலையில் வந்தார். நான்காம் நாள் அவள் இறந்தபோது, திருமணமாகி ஏழு ஆண்டு ஆகவில்லை என்பதால் கோட்டாட்சியரும் வந்து விசாரித்தார். ஜீப்பும் எழுத்தரும் கோப்பும் முத்திரையுமாக ஓர் அரசே அந்த வார்டுக்கு வந்து போயிற்று. அவளுடைய சுருக்குப் பையை அண்ணனிடம் ஒப்படைக்கப் பட்டியல் எழுதியவள் நான்தான். சில்லறை, ஒரு குங்குமச் சிமிழ், அந்த ரசீது.

இதில் எந்தத் தனி அலுவலரையும் குற்றம் சாட்டுவதற்காக நான் எழுதவில்லை. அந்த நிலையத்தில் அன்று பணியில் இருந்தவர்களுக்கும் தேர்தல், திருவிழா, நீதிமன்றம், பாதுகாப்புப் பணி என்று ஆயிரம் வேலைகள் இருந்திருக்கும். என் வருத்தம் வேறு. நள்ளிரவில் புறப்பட்டு வரவும், பாதிக்கப்பட்டவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்வதை முழுமையாகக் கேட்கவும் நம் அரசுக்குத் தெரியும் என்பதை அன்று பார்த்தேன். அப்படித் தெரிந்த அரசு, அவள் உயிரோடு இருந்து மனு கொடுத்த பதினோரு நாளில் ஒரு நாள், ஒரே ஒரு பெண் காவலரை அனுப்பி, "நல்லா இருக்கியாம்மா?" என்று வாசலில் நின்று கேட்க வைக்கவில்லை.

கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2004 டிசம்பரில் கடல் வந்ததையும், 2011 டிசம்பர் 30 அதிகாலையில் 'தானே' புயல் கரை கடந்ததையும் கண்டவர்கள் நாம். இன்று வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானாலே துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. கிராம நிர்வாக அலுவலர் தாழ்வான பகுதிகளில் வீடு வீடாகப் போகிறார். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகச் சுற்றுகிறது. கர்ப்பிணிகளையும் முதியவர்களையும் முன்கூட்டியே புயல் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். வர மறுக்கும் மீனவக் குடும்பத்தோடு இரண்டு முறை, மூன்று முறை பேசிப் பார்க்கிறார்கள். வீடு இடிந்த பிறகு வந்து மனு கொடுங்கள் என்று எந்த வட்டாட்சியரும் சொல்வதில்லை. இயற்கை எப்போது சீறும் என்பதைவிட, குடித்துவிட்டு அடிக்கும் கணவன் மறுபடி அடிப்பானா என்பதைக் கணிப்பது எளிது. முன்பு கழுத்தை நெரித்திருக்கிறானா, கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறானா, அவள் பிரிந்து போகப்போவதாகச் சொன்ன பிறகு மிரட்டல் கூடியிருக்கிறதா என்பது போல நாலு கேள்வி கேட்டாலே எந்த அனுபவமுள்ள செவிலியரும் எந்த அனுபவமுள்ள காவலரும் ஆபத்தின் அளவைச் சொல்லிவிடுவார்கள். அந்த நாலு கேள்வியைக் கேட்டு, விடையை எழுதிவைத்து, அதன்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம்தான் யாருக்கும் இல்லை.

வீட்டுக்குள் ஒருவர் மற்றொருவருக்குச் செய்யும் கொடுமைக்கு அரசு எப்படிப் பொறுப்பாகும் என்று சிலர் கேட்பதுண்டு. வழக்கறிஞராக இருக்கும் என் மகள் இது பற்றி எனக்கு எடுத்துச் சொன்ன இரண்டு வழக்குகளை நான் மறக்கவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனைத் தந்தை தொடர்ந்து அடித்துவந்தார். மருத்துவமனையின் அவசரப் பிரிவிலிருந்தே சமூக நலத் துறைக்குத் தகவல் போயிற்று. துறை ஊழியர் வீட்டுக்குப் பலமுறை சென்று, கண்ட காயங்களைக் கோப்பில் எழுதினார். குழந்தையை அங்கிருந்து எடுக்கவில்லை. 1984இல் அடித்த அடியில் அவன் மூளை நிரந்தரமாகப் பழுதுபட்டது. தனிநபர் செய்யும் வன்முறையிலிருந்து காப்பாற்றும் கடமையை அரசியலமைப்பு அரசின்மேல் சுமத்தவில்லை என்று 1989இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளியது. பலமுறை புகார் செய்தும் துருக்கி அரசு காப்பாற்றத் தவறியதால், மருமகனால் சுட்டுக்கொல்லப்பட்ட ஒரு தாயின் வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் இதற்கு நேர் எதிராகத் தீர்ப்பளித்தது. ஆபத்து தெரிந்த பிறகும் கைகட்டி நின்றது அரசின் குற்றமே என்றது.

நம் நாடு இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்ற ஐயமே நமக்கு வேண்டியதில்லை. அருணாசலப் பிரதேசத்தில் வாழ்ந்த சக்மா மக்களை, மாநிலத்தை விட்டு வெளியேறாவிட்டால் விரட்டுவோம் என்று ஒரு மாணவர் அமைப்பு மிரட்டியபோது, மிரட்டுவது தனியார் கூட்டம்தான், நாங்கள் இல்லை என்று மாநில அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது என 1996இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடிமகனாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மனித உயிரையும் காக்க அரசு கடமைப்பட்டிருக்கிறது என்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்கு அந்தத் தீர்ப்பு கொடுத்த பொருள். ஊரார் கூட்டமாக நின்று மிரட்டும்போது பொருந்தும் கடமை, பூட்டிய கதவுக்குள் ஒருவன் மிரட்டும்போது பொருந்தாமல் போகுமா?

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இந்தக் கடமையை வார்த்தை வார்த்தையாகவே எழுதிவைத்திருக்கிறது. நீதிமன்றத்துக்கு மனு வந்தால் வழக்கமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளுக்குள் முடிக்க முயற்சி, அவசரமானால் எதிர்த்தரப்பு வராமலே இடைக்கால உத்தரவு, பெண்ணை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவு, பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை என்று எல்லாம் அதில் உண்டு. அதன்கீழ் வந்த 2006 விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. வன்முறை நடந்துகொண்டிருக்கிறது, அல்லது நடக்கப்போகிறது என்று நம்பத்தக்க தகவல் தொலைபேசியில் வந்தால்கூட, இந்தச் சட்டத்துக்கென அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் காவல்துறையை உடன் அழைத்துக்கொண்டு அந்த இடத்துக்கே போக வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்ணோடு கலந்து பேசி, இனி அடி விழாமல் இருக்க என்ன செய்வது என்று பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எழுத வேண்டும். அதற்கென்று ஐந்தாம் படிவம் என ஒரு படிவமே இருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த 2006 அக்டோபருக்குப் பிறகும் பல ஆண்டுகள் நான் பணியில் இருந்தேன். அடிபட்டு வந்த எத்தனையோ பெண்களின் பைகளிலும் கோப்புகளிலும் மனு ரசீதைப் பார்த்திருக்கிறேன், ஸ்கேன் பார்த்திருக்கிறேன், ரேஷன் அட்டை பார்த்திருக்கிறேன். நிரப்பிய ஐந்தாம் படிவத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

நம் மாவட்டம் இந்த விஷயத்தில் தலைகுனிய வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில், சாதி மறுத்து மணந்துகொண்ட இளம் தம்பதி, பெண்ணின் குடும்பத்தாராலேயே ஊரார் கண்முன்னே நஞ்சு ஊட்டிக் கொல்லப்பட்டார்கள். புகாரை வாங்க மறுத்ததோடு, கொல்லப்பட்ட இளைஞரின் உறவினர்களையும் சேர்த்தே காவல்துறை குற்றவாளிகளாக்கியது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், கடலூர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் தீர்ப்பளித்தபோது, தண்டனை பெற்றவர்களில் அப்போதைய காவல் அதிகாரிகள் இருவரும் இருந்தார்கள். அவர்கள் குற்றவாளிகள் என்பதை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. வன்முறைக்குத் துணைபோகும் காவலர் வன்முறையாளருக்குச் சமம் என்பதை நிறுவ இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. துணைபோகாத, ஆனால் போய்ப் பார்க்கவும் செய்யாத அலுவலர்களைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். அவர்களிடம் கேள்வி கேட்க இன்றுவரை வழி மிகக் குறைவு.

எவ்வளவு குறைவு என்பதைச் சொல்கிறேன். பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு போன்ற குற்றங்களில் புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் காவல் அலுவலருக்குச் சிறைத்தண்டனை உண்டு என்று 2013இல் சட்டம் திருத்தப்பட்டது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 199ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் கணவன் வீட்டார் செய்யும் கொடுமை இல்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு நடுவர் உத்தரவில் இட்ட கடமையைத் தவறும் பாதுகாப்பு அலுவலருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. அடுத்த பிரிவோ, மாநில அரசின் முன் அனுமதி இல்லாமல் அவர்மேல் வழக்கே தொடர முடியாது என்கிறது. பத்து வட்டங்கள் உள்ள இந்த மாவட்டத்தில், நான் அறிந்த நாளில், முழுநேரப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர்தான். ஒருவரே எல்லாவற்றையும் பார்க்க வேண்டிய நிலையில் அவரைச் சிறைக்கு அனுப்பி என்ன பயன்? திட்டக்குடிப் பக்கத்து ஊரிலிருந்து அடிபட்ட பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு விருத்தாசலம் வந்து, பேருந்து மாறி, கடலூரில் இறங்கி அலுவலகத்தைத் தேடி வருவதற்குள் அரை நாள் போய்விடும். அன்றைய கூலியும் போய்விடும். 'எங்கே போயிருந்தாய்?' என்ற கேள்வியோடு ஒருவன் வாசலில் காத்திருப்பான். மாவட்ட அளவிலும் வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை ஆறு வாரத்துக்குள் நியமிக்கும்படி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. அந்த உத்தரவுப்படி திட்டக்குடிக்கும் வேப்பூருக்கும் ஸ்ரீமுஷ்ணத்துக்கும் உரிய அலுவலர் யார், அவருக்கு வேறு எத்தனை பொறுப்புகள் இருக்கின்றன, எந்த எண்ணில் அவரை இரவில் அழைக்கலாம் என்பதை அந்தந்த வட்டத்துப் பெண்கள் அறிந்திருக்க வேண்டும்.

புதுச்சேரி எல்லையோரத்தில் வாழும் நமக்கு இன்னொரு துன்பமும் உண்டு. சென்ற ஆண்டு எங்கள் தெருவைச் சேர்ந்த ஒருவரின் தங்கை மகள், முள்ளோடைக்கு அப்பால் பாகூர் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், இரவு பத்தரை மணிக்கு இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். காலில் செருப்பு இல்லை. காதில் இரத்தம் உறைந்திருந்தது. அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு நானும் உடன் போனேன். "சம்பவம் நடந்தது பாண்டி லிமிட்டும்மா, அங்கதான் குடுக்கணும்" என்றார்கள். மறுநாள் அங்கே போனால், "இப்ப தங்கியிருக்கிறது கடலூர்லதானே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கணவன் வீட்டு வாசலைக் கடந்துதான் அவள் அந்த நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலும் மனு செய்யலாம் என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள குற்ற நடைமுறைச் சட்டம் சொல்கிறது. மதுப்புட்டி எல்லை தாண்டுவதைப் பிடிக்க இரு பக்கமும் சோதனைச் சாவடி வைத்து ஒத்துழைக்கிற இரண்டு நிர்வாகங்கள், எல்லை தாண்டி ஓடிவரும் பெண்ணுக்காக ஒரு தொலைபேசி அழைப்பில் ஒத்துழைக்க முடியாதா?

முதியவர்கள் நிலை இதைவிட ஓசையற்றது. உதவித்தொகை வாங்கும் நாளில் மகனிடம் அடிபட்டு வரும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர்கூட மகன் பெயரைச் சொன்னதில்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தீர்ப்பாயத்துக்கு அவர்கள் மனு செய்யலாம் என்றாலும், படியேற முடியாதவர் அங்கே போவதற்குள் அடுத்த மாத உதவித்தொகையும் போய்விடும். குழந்தைகள் விஷயத்தில் மட்டும் சட்டம் சற்றுக் கறாராக இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்ட வழக்கில் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் காவல்துறை தெரிவித்தாக வேண்டும். கெடு ஒன்றை எழுதிவைத்தால் அலுவலகம் அதற்கேற்ப நடக்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் நான் கேட்டிருக்கிறேன். குடும்பத்துக்குள் காவலர் நுழைந்தால் ஒட்ட வேண்டிய உறவும் ஒடிந்துவிடும் என்பார்கள். நான் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டச் சொல்லவில்லை. கதவைத் திறந்துகொண்டு தானே வெளியே வந்து, காப்பாற்றுங்கள் என்று சொன்னவர்களின் கதவை மட்டும் தட்டச் சொல்கிறேன். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரிடம் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அகில இந்திய அளவு 29. வன்முறைக்கு ஆளான பெண்களில் நாடு முழுவதும் நூற்றுக்கு 14 பேர்தான் யாரிடமாவது உதவி கேட்கிறார்கள். அந்த 14 பேரில் பெரும்பாலோர் தாய்வீட்டோடு நின்றுவிடுகிறார்கள், காவல் நிலையப் படியேறுபவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரைக்கூட ஒருமுறை போய்ப் பார்க்க ஆள் இல்லை என்றால் அதை யார் நம்புவார்கள்? பொய்ப் புகார்கள் வருகின்றன என்றும் சொல்கிறார்கள். வரலாம். நான் கைது செய்யச் சொல்லவில்லை. ஒரு காவலர் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போவதால் எந்த நிரபராதியும் சிறைக்குப் போவதில்லை. அடிக்காதே என்ற உத்தரவு, அடிக்காதவரை எந்த வகையிலும் பாதிப்பதில்லை.

மாவட்ட நிர்வாகத்திடமும் புதுச்சேரி அரசிடமும் நான் கேட்பது புதுச் சட்டமோ பெரிய நிதியோ இல்லை. வன்முறை பற்றிய மனுவுக்குக் கொடுக்கும் ரசீதில், அடுத்து எந்த நாளில் யார் நேரில் வந்து பார்ப்பார் என்பதை எழுதிக் கொடுக்கட்டும். அந்த நாளில் போய்ப் பார்த்ததற்கான குறிப்பு நிலையப் பதிவேட்டில் இருக்கட்டும், அதைத் துணைக் கண்காணிப்பாளர் மாதந்தோறும் பார்த்துக் கையெழுத்திடட்டும். இருவரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசுவதற்கு முன்னால் பெண்ணைத் தனியே அழைத்து அந்த நாலு கேள்வியைக் கேட்கட்டும். கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எந்தப் பெண்ணும் உண்மையைச் சொல்லமாட்டாள் என்பது எங்கள் வார்டில் புதிதாகச் சேரும் பயிற்சிச் செவிலியருக்கே முதல் வாரத்தில் தெரிந்துவிடும். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் வீட்டில் தாக்கப்பட்டதாக எழுதும்போது, புறக்காவல் நிலையத்துக்குப் போகும் தகவலின் ஒரு படி அன்றே பாதுகாப்பு அலுவலருக்கும் போகட்டும். ஒரே பெண்ணின் பெயர் அந்தப் பதிவேட்டில் இரண்டாம் முறை வந்தால், அதைப் புயல் கூண்டு ஏறியதாகக் கொள்ளட்டும். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம் என்பதையும், 181 என்ற மகளிர் உதவி எண் இரவிலும் இயங்கும் என்பதையும் அலுவலகச் சுவரில் ஒட்டுவதைவிட, பெண்கள் கூடும் இடமான ரேஷன் கடையிலும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் ஊர்நல அலுவலர்கள் வாயால் சொல்லட்டும். எல்லையோர நிலையங்களில், இரு நிர்வாகமும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரு கைபேசி எண் மேசைமேல் இருக்கட்டும்.

இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்க இருக்கிறேன். பாகூர் பக்கத்துப் பெண்ணும் என்னோடு வருகிறாள். அவளுடைய புகார் கடைசியில் என் மகள் உதவியோடு இங்குள்ள நீதிமன்றத்தில்தான் மனுவாகியிருக்கிறது. அவள் இன்னும் மாமன் வீட்டின் ஒரு அறையில் இருக்கிறாள். இதுவரை எந்தத் துறையிலிருந்தும் யாரும் அவளை வந்து பார்க்கவில்லை. அப்படி யாராவது வந்தால், அதையும் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.
(அந்தப் பெண்ணின் பாதுகாப்பை முன்னிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)